வரைவில் பிறந்த வடிவம்: மாண்டெய்னும் கட்டுரைக் கலையும்

தமிழகப் பள்ளிகளில் கட்டுரைப் பயிற்சி சட்டகத்திலிருந்தே தொடங்குகிறது. முன்னுரை, பொருளைப் பகுத்துரைக்கும் சிறு தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புகளை முதலில் நிறுத்திக்கொண்டு, அவற்றைப் பின்னர் விரித்தெழுதுதல் முறையெனக் கற்பிக்கப்படுகிறது. இம்முறைக்குப் பயன் இல்லாமல் இல்லை. தேர்வு மண்டபத்தில் கைகொடுப்பது அதுவே. ஆயினும், கட்டுரை என்னும் இலக்கிய வகைக்கு ஐரோப்பாவில் பெயர் சூட்டிய பெருமகனார் இம்முறையில் எழுதியவர் அல்லர். எழுதத் தொடங்கிய நாளில் தாம் எழுதுவது இன்ன வகையைச் சேர்ந்தது என்பதையே அவர் அறிந்திருந்தார் எனக் கூறுவதற்கில்லை. அவர் முதல் வரைவை எழுதினார். அவ்வரைவே அவருக்கு வடிவத்தைக் கற்பித்தது. கற்பித்து முடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சு நாட்டு அறிஞர் மிஷேல் தெ மாண்டெய்னின் எழுத்து வரலாறு இதுவே.

மாண்டெய்ன் 1533ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள், போர்தோ நகருக்குக் கிழக்கே பெரிகோர் நிலப்பகுதியிலுள்ள தம் குடும்ப மாளிகையில் பிறந்தார். தந்தையார் பியேர் எய்க்கெம் புதுமை நாட்டம் மிக்கவர். மைந்தனுக்கு இலத்தீன் தாய்மொழிபோல் அமைய வேண்டும் என விரும்பி, பிரெஞ்சு அறியாத ஜெர்மானிய ஆசிரியர் ஒருவரை வீட்டில் அமர்த்தினார். தாயும் பணியாளர்களும்கூடக் குழந்தையிடம் தாம் கற்ற சில இலத்தீன்ச் சொற்களைக் கொண்டே பேச வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆறாம் அகவையளவில் போர்தோவின் கியேன் கல்லூரியில் சேர்ந்த சிறுவர் அங்குப் பயின்றது அக்கால ஐரோப்பா முழுவதும் வழங்கிய சொற்கலை. பொருள் காணல், அதனை ஒழுங்குபட நிறுத்தல், சொல்லால் அணிசெய்தல், மனத்திருத்தல், அவையில் உரைத்தல் என ஐந்து படிகளைக் கொண்டது அக்கலை. தோற்றுவாய் எங்கே அமைதல் வேண்டும், சான்று எங்கே வருதல் வேண்டும், மாற்றார் கூற்றை எவ்விடத்து மறுத்தல் வேண்டும் என்பனவற்றுக்கெல்லாம் அதில் விதி உண்டு. எனவே மாண்டெய்ன் அமைப்பு முறை அறியாதவர் என்று கொள்வது பிழை. நன்கு கற்றவர், கற்றது தமக்குப் பொருந்தவில்லை என்று பின்னர்க் கண்டவர்.

1557 முதல் 1570 வரை போர்தோ நீதிமன்றத்தில் அவர் பணியாற்றினார். வழக்கின் ஆவணங்களைப் படித்து, இருதரப்பு வாதங்களையும் ஆராயும் மன்றத்தில் அவருக்குப் பல ஆண்டுகள் கழிந்தன. ஒரு செய்திக்கு இருபக்கமும் உண்டு என்னும் எண்ணம் அவர் எழுத்தில் வேரூன்றியதற்கு இப்பணியும் ஒரு காரணம் ஆகலாம். அந்நீதிமன்றத்திலேதான் அவருக்கு எத்தியென் தெ லா போயெத்தியின் நட்புக் கிடைத்தது. அந்நட்பு சில ஆண்டுகளே நீடித்தது. 1563 ஆகஸ்டுத் திங்களில், முப்பத்திரண்டாம் அகவையில், லா போயெத்தி நோயுற்று இறந்தார். தம் நூல்களை நண்பருக்கே விட்டுச் சென்றார். இந்த இறப்பு மாண்டெய்னின் நூலில் வகிக்கும் இடம் பெரிது.

தந்தையார் 1568இல் மறைந்தார். பதவியை 1570இல் துறந்த மாண்டெய்ன், மறு ஆண்டு தம் முப்பத்தெட்டாம் பிறந்தநாளில், எஞ்சிய வாழ்நாளைக் கல்விக்கும் அமைதிக்கும் ஒப்படைப்பதாக இலத்தீனில் ஒரு வாசகம் எழுதுவித்து மாளிகையின் கோபுரத்தில் ஒதுங்கினார். வட்ட வடிவான அக்கோபுரத்தின் கீழ்த்தளத்தில் வழிபாட்டறை, நடுவில் படுக்கையறை, மேல்தளத்தில் நூலகம். ஐந்து அடுக்குகளாக வளைந்து சென்ற பேழைகளில் ஏறத்தாழ ஓராயிரம் நூல்கள் இருந்தன. உத்தரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிரேக்க, இலத்தீன்த் தொடர்களை அவர் எழுதச் செய்தார். 1885இல் மாளிகை தீக்கிரையானபோதும் இக்கோபுரம் தப்பியது.

ஓய்வு அமைதி தரும் என்று எண்ணிச் சென்றவருக்கு நேர்ந்தது வேறு. வேலையற்ற மனம் கட்டறுத்த குதிரையைப் போல் திசை தெரியாமல் ஓடியது என்றும், அது ஈன்ற விந்தைக் கற்பனைகளைப் பதிந்து வைத்தால் பின்னர் அதற்கே நாணம் வரும் என்று கருதித் தாம் எழுதத் தொடங்கியதாகவும் ‘சோம்பல்’ பற்றிய சிறு இயலில் அவர் கூறுகிறார். நூலின் தோற்றத்திற்கு அவர் தரும் காரணம் இவ்வளவே. உலகுக்கு உணர்த்த ஒரு கொள்கையோ, நிறுவ ஒரு முடிவோ அவரிடம் இல்லை.

1572ஐ ஒட்டி எழுதப்பட்ட முதல் இயல்கள் பெரும்பாலும் சிறியன. சில இரண்டு மூன்று பக்கங்களே. அக்காலத்தே இவ்வகைத் தொகுப்புகளுக்குப் பெரு மதிப்பு இருந்தது. எராஸ்மஸ் பழமொழிகளைத் தொகுத்து விளக்கிய நூலும், எசுப்பானியரான பெத்ரோ மெக்சியா பல்பொருள் செய்திகளைத் திரட்டிய நூலும் நாடெங்கும் பரவியிருந்தன. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதற்கேற்ற பழங்கதைகளை அடுக்கி, ஈற்றில் ஒரு கருத்தைச் சொல்லி நிறுத்துதல் அவற்றின் இயல்பு. மாண்டெய்னும் இவ்வழியிலேயே தொடங்கினார். நூலின் முதல் இயலையே நோக்கலாம். வென்றவன் சினத்திற்கு ஆளானவர் பணிந்து இரங்கச் செய்வதும் உண்டு. அஞ்சாமல் எதிர்த்து நின்று வியக்கச் செய்வதும் உண்டு. இரண்டு வழியும் ஒரே முடிவில் சேரலாம் என்பது அதன் பொருள். கான்ராடு பேரரசன் முற்றுகையிட்ட நகரிலிருந்து பெண்டிர் தாம் சுமக்க இயன்றதை மட்டும் எடுத்துச் செல்லலாம் என இசைவு தந்தபோது, அவர்கள் தத்தம் கணவரையும் மக்களையும் தோளில் சுமந்து வெளிவந்த கதை அங்கே வருகிறது. அடுத்து வேறு கதைகள். 1580ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வியல் ஏனையோர் தொகுத்த நூல்களினின்றும் வெகுதொலைவு விலகியதாகத் தோன்றாது. கதை சொல்பவர் யார் என்பது அதில் தெரிவதில்லை.

அதே 1572இல் புளூட்டார்க்கின் அறவுரைக் கட்டுரைகளை அமியோ பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டமை ஒரு நற்பேறு. புளூட்டார்க் ஒரு பொருளைச் சுற்றி உலாவுபவர். நேர்வழியே சென்று சேர்பவர் அல்லர். செனெக்காவின் மடல்களும் மாண்டெய்ன் கையில் இருந்தன. இவை அவருக்கு ஒரு துணிவைத் தந்தன. இன்னும் வடிவத்தைத் தரவில்லை.

வடிவத்தைத் தந்தவற்றுள் தலையாயது ஒரு விபத்து எனலாம். உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், வீட்டிற்கு அருகே சிறு குதிரையில் சென்றுகொண்டிருந்த அவர்மீது, வலிய குதிரையில் விரைந்து வந்த அவருடைய ஆள் ஒருவன் மோதினான். குதிரை ஒருபுறமும் அவர் ஒருபுறமுமாக விழுந்தனர். இறந்துவிட்டார் என்றே உடனிருந்தோர் கருதினர். வழியில் குருதி குருதியாகக் கக்கினார். எதிரே தடுமாறி வந்த மனைவிக்குக் குதிரை கொண்டுவருமாறு அவர் ஏவினார் என்று பின்னர் உடனிருந்தோர் கூறினர். ஏவிய நினைவே அவருக்கு இல்லை. இரண்டாம் தொகுதியின் ஆறாம் இயல் இதனை விரிவாகச் சொல்கிறது. அவ்வியலும் பழைய முறையிலேயே, இறப்பை எதிர்நோக்கிய பண்டை அறிஞர் ஒருவரின் கதையைக் கொண்டு தொடங்குகிறது. ஆனால் குதிரை மோதிய இடத்திலிருந்து எழுத்தின் நடையே மாறுகிறது. ஏட்டில் படித்த சாவும் தாம் தொட்டு மீண்ட சாவும் அருகருகே வருகின்றன. உயிர் பிரியும் நிலை வலியற்றதாக, உறக்கத்தில் நழுவுவதுபோல் இனிதாக இருந்தது என்று அவர் எழுதியபோது, வேறெவர் நூலிலும் கிடைக்காத ஒரு சான்று அவர் கைக்கு வந்திருந்தது. தம்மையே சான்றாக வைக்கலாம் என்பதை எழுதும்போதுதான் அவர் கண்டுகொண்டார். அங்ஙனம் வைத்தது தகுமா என்ற வினாவுக்கு விடையாக, பல ஆண்டுகள் கழித்து அவ்வியலின் இறுதியில் ஒரு நீண்ட பகுதியை ஓரத்தில் எழுதிச் சேர்த்தார். செய்துவிட்டுப் பின்னர் அதற்கு இலக்கணம் கண்ட செயல் அது.

அவர் தேர்ந்த பெயரும் இதற்கு ஏற்றதே. ‘எஸ்ஸே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு அக்காலத்தில் முயற்சி, சோதனை, சுவைத்துப் பார்த்தல் என்னும் பொருள்கள் வழங்கின. எடையிடுதல் என்னும் பொருளுடைய பிற்கால இலத்தீன்ச் சொல்லே அதன் மூலம். 1576ஆம் ஆண்டிட்டு அவர் அடிக்கச் செய்த பதக்கம் ஒன்றில் துலாக்கோல் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழின் ‘கட்டுரை’ கட்டமைந்த உரை என்னும் பொருளைத் தாங்கி நிற்பது. சிலப்பதிகாரத்தில் ஒவ்வொரு காண்டத்தின் இறுதியிலும் கட்டுரை உண்டு, இருபத்துமூன்றாம் காதைக்குக் கட்டுரை காதை என்றே பெயர். ஒன்று நிறுத்தலையும் மற்றது கட்டுதலையும் முன்வைக்கின்றன. ஆயினும் மாண்டெய்ன் தம் நூலைக் கட்டு என்று அழைத்த இடமும் ஒன்று உண்டு. 1580 பதிப்பின் கடைசி இயலில் தம் எழுத்தைப் பலவகைச் சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டிய விறகுக் கட்டுக்கு ஒப்பிடுகிறார். ஓய்வு மிகுந்து சலித்தபோது மட்டுமே, அதுவும் வீட்டில் இருக்கும்போது மட்டுமே, அதில் கை வைத்ததாகவும் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய பணியாள் ஒருவன் தனக்குப் பிடித்த சில பகுதிகளைத் திருடிச் சென்ற செய்தியும் அங்கேதான் வருகிறது.

1580இல் போர்தோவில் சிமோன் மில்லாங்ஸ் அச்சகத்தில் இரு தொகுதிகளாக, 57உம் 37உமாக 94 இயல்களுடன் நூல் வெளிவந்தது. சொந்த வட்டாரத்தில் அச்சிடுவோருக்குத் தாம் பணம் கொடுக்க வேண்டியிருந்தது, வெளியிலோ அச்சிடுவோர் தமக்குக் கொடுத்தனர் என்று அவர் பின்னர் எழுதிய குறிப்பு, தம் நூலைத் தாமே பதிப்பித்த எழுத்தாளர் எவருக்கும் விளங்கும். அவ்வாண்டே இத்தாலிக்குச் சென்றார். உரோமில் தணிக்கையாளர்கள் நூலைப் பறித்து ஆராய்ந்து சில குறைகளைச் சுட்டித் திருப்பித் தந்தனர். பெரும்பாலானவற்றை அவர் மாற்றவில்லை. 1581 முதல் 1585 வரை போர்தோவின் நகரத் தலைவராக இருந்தார். பின்னர் மீண்டும் கோபுரம்.

1588இல் பாரிசில் ஆபெல் லாங்கெலியே வெளியிட்ட பதிப்பில், 13 இயல்கள் கொண்ட மூன்றாம் தொகுதி புதிதாக இடம்பெற்றது. முதலிரு தொகுதிகளிலும் அறுநூறு சேர்க்கைகள் செய்யப்பட்டுள்ளதாக முகப்பேடு அறிவித்தது. இம்மூன்றாம் தொகுதியின் இயல்கள் நீண்டவை. இந்நீட்சி தற்செயலானதன்று. தொடக்கத்தில் தாம் அடிக்கடி இயலை முறித்தது படிப்பவர் கவனம் பிறக்கும் முன்பே அதனைக் கலைத்துவிடுவதாகக் கண்டு, பின்னர் நீளமாக எழுதலானதாக அவரே ஒன்பதாம் இயலில் காரணம் கூறுகிறார். எழுதிய பக்கங்களைப் படித்துப் பார்த்து அமைப்பைத் திருத்திக்கொண்ட எழுத்தாளரின் கூற்று இது. தலைப்புக்கும் பொருளுக்கும் இடையே தாம் விடும் தொலைவைப் பற்றியும் அங்கே பேசுகிறார். பொருளைத் தவறவிடுவது கவனமற்ற வாசகரே என்பது அவர் கட்சி.

‘வண்டிகள்’ என்னும் இயல் இதற்குத் தக்க சான்று. தும்மலின் காரணம், கடற்பயணக் குமட்டல், வண்டியில் செல்ல இயலாத தம் உடல்வாகு, அரசர்களின் ஆரவாரச் செலவு, உரோமானியக் களியாட்டுகள் என்று அலைந்து திரியும் எழுத்து, திடீரென மெக்சிக்கோவிலும் பெருவிலும் எசுப்பானியர் இழைத்த கொடுமைகளை எடுத்துக்கொண்டு அனலாகிறது. வண்டி மறந்தே போயிற்று என்று எண்ணும் நேரத்தில், பெரு நாட்டு மன்னனைப் பொன் பல்லக்கில் சுமந்து நிற்கும் குடிமக்கள் கண்முன் வருகின்றனர். ஒருவர் வெட்டுண்டு வீழ மற்றொருவர் தோள்கொடுக்க, பல்லக்கைச் சாய்க்க இயலாமல் குதிரைவீரன் ஒருவன் மன்னனைப் பிடித்துக் கீழே இழுக்கிறான். அத்துடன் இயல் முடிகிறது. பல்லக்கும் ஓர் ஊர்திதான். குறிப்புச் சட்டகம் வகுத்து எழுதியிருந்தால் இம்முடிவு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

தாம் சேர்ப்பதுண்டு, திருத்துவதில்லை என்று மாண்டெய்ன் உறுதியாகச் சொல்லிவந்தார். நூலை உலகுக்கு அடைமானம் வைத்தவனுக்கு அதன்மேல் உரிமை இல்லை என்பது அவர் வாதம். இதனை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் இயலாது. முதல் எண்ணத்தை இரண்டாம் எண்ணத்தால் திருத்துவதில்லை என்று 1580இல் எழுதிய வாக்கியத்தை அடுத்தே, ஏதேனும் ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம், அதுவும் நீக்குவதற்கன்று என்று பின்னர் ஓரத்தில் சேர்த்திருக்கிறார். திருத்துவதில்லை என்னும் கூற்றே திருத்தம் பெற்றது! சொற்களை அடித்தும் மாற்றியும் எழுதிய இடங்கள் பலவற்றை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் பெரும்பாலும் அவர் பழையதை அழிக்காமல் அதன்மேல் புதியதை வைத்தார் என்பது உண்மை. மேலே சுட்டிய முதல் இயலில், பணிவும் துணிவும் ஆகிய இரண்டு வழிகளுமே தம்மை எளிதில் வென்றுவிடும் என்று ஒரு வரி 1588இல் நுழைகிறது. அதன்பின் ஓரத்தில், தமக்கு இரக்கம் மிகுதி என்னும் குறிப்பும் சேர்கிறது. இயலின் இறுதியில், முதலில் தந்த சான்றுகளுக்கு நேர்மாறாக, அஞ்சாது நின்ற காசா நகரத் தளபதியை இரக்கமின்றி வதைத்த அலெக்சாந்தரின் கதை இடம்பெறுகிறது. கதைத் தொகுப்பாக இருந்த பழைய வரைவு, ஒரு மனிதர் தம்மையும் தம் முடிவையும் ஐயுறும் இடமாக மாறிவிட்டது. பழைய வரிகள் அங்கேயே இருக்கின்றன.

இம்முறையில் இழப்பும் உண்டு. சேர்க்கை மேல் சேர்க்கையாக வந்து, ஒரு வாதத்தின் இரு பாதிகள் பக்கக்கணக்கில் பிரிந்து நிற்கும் இடங்கள் உள்ளன. ‘ஆகவே’ எனத் தொடங்கும் வாக்கியம் எதன் விளைவு என்று தேட வேண்டியுள்ளது. அவர் காலத்துப் பதிப்புகளில் பத்திப் பிரிவும் இல்லை. ஒவ்வோர் இயலும் ஒரே தொகுதியாக ஓடும். இன்று காணப்படும் பத்திகள் பிற்காலப் பதிப்பாசிரியர் வகுத்தவை. அவருக்குப் பின் 1597இல் பத்துச் சிறு கட்டுரைகளை வெளியிட்ட பிரான்சிஸ் பேக்கன் அப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, செறிந்த வாக்கியங்களால் வேறொரு வகையை அமைத்தார். அவரும் 1612இல் 38 ஆகவும், 1625இல் 58 ஆகவும் நூலை வளர்த்தார். ஆனால் அவர் உள்ளம் தடுமாறும் இடம் வெளியே தெரிவதில்லை. மாண்டெய்னிடம் தெரிவது அதுவே.

1588 பதிப்பின் ஒரு படியைக் கையில் வைத்துக்கொண்டு, 1592 செப்டம்பர் 13இல் இறக்கும் வரை மாண்டெய்ன் அதன் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். முகப்பில் ஐந்தாம் பதிப்பு என அச்சாகியிருந்ததை அடித்து ஆறாம் பதிப்பு எனக் கைப்பட எழுதினார். போர்தோ படி எனப்படும் இப்புத்தகம் அந்நகர நூலகத்தில் உள்ளது. பிற்காலத்தில் கட்டமைத்தவர் ஓரத்தை வெட்டியதில் சில எழுத்துகள் போயின. மாண்டெய்னின் மறைவுக்குப் பின் மரீ தெ கூர்னே அம்மையார் 1595இல் வெளியிட்ட பதிப்பு, இப்படியினின்றும் பல இடங்களில் வேறுபடுகிறது. எது அவருடைய இறுதி விருப்பம் என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எந்த வரி எந்தக் காலத்தது என்று பிரித்துக்காட்டி, 1908இல் நூலின் படிவளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தவர் பியேர் வில்லே. இளமையிலேயே கண்பார்வை இழந்தவர் அவர். மை நிறத்தையும் ஓர எழுத்தையும் சார்ந்த ஓர் ஆராய்ச்சிக்குப் பார்வையற்ற ஒருவர் வழிகாட்டியாக நின்றது வியப்பிற்குரியது.

போர்தோ படியில் யாவரும் தேடிச் சென்று பார்க்கும் பக்கம், முதல் தொகுதியின் 28ஆம் இயலான ‘நட்பு’ உள்ள பக்கம். லா போயெத்தியை ஏன் நேசித்தார் என்பதற்கு அச்சில் மாண்டெய்ன் விடை கூறவில்லை. கூற இயலாது என்றே விட்டுவிட்டார். ஓரத்தில் ஒரு காரணம் எழுதினார்: நண்பர் இன்னார் என்பதே அது. பின்னர், வேறு மையில், தாம் இன்னார் என்பதையும் அதனோடு சேர்த்தார். நண்பர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் எழுதப்பட்ட வரி அது. பேசுவதற்கு ஒருவர் இருந்திருந்தால் தம் எண்ணங்களை மடல்களாகவே வெளியிட்டிருக்கக்கூடும் என்று வேறோர் இடத்தில் அவர் எழுதுகிறார். கட்டுரை என்னும் வடிவம், பெறுநர் இல்லாமற்போன மடல் என்று கொள்ள இது இடம் தருகிறது.

அவ்வியலின் தொடக்கத்தில் அவர் ஓர் ஓவியரைப் பற்றிச் சொல்கிறார். மாளிகையில் வேலைசெய்த அவ்வோவியர் சுவரின் நடுவில் சிறந்த ஓவியத்தை வைத்து, சுற்றிலும் விசித்திர உருவங்களை நிரப்பினாராம். தமக்கு அவ்விசித்திர உருவங்களே எழுத வரும், நடுவில் வைக்கத்தக்க ஓவியம் வராது. ஆகவே நடுவிடத்தில் நண்பர் இளமையில் எழுதிய, மக்கள் தாமே விரும்பி அடிமைப்படுதல் பற்றிய உரையை வைக்கப்போவதாக அறிவிக்கிறார். 57 இயல்களுள் 29ஆவதே நடுவிடம். நூலின் தொடக்கத்தில் அவர் வகுத்துக்கொண்ட ஒரே திட்டம் இதுவாக இருந்திருக்கலாம். அது நிறைவேறவில்லை. சமயப் போரில் அரசை எதிர்த்தவர்கள் அவ்வுரையைத் தமக்கு ஆயுதமாக்கி முன்னரே அச்சிட்டுவிட்டனர். இயலின் இறுதிக்கு வரும்போது, எண்ணத்தை மாற்றிக்கொண்டதாக மாண்டெய்ன் சொல்கிறார். வாக்குக் கொடுத்த தொடக்கத்தை அவர் அடிக்கவில்லை. வாக்கும் அது பொய்த்ததும் ஒரே இயலில் நிற்கின்றன.

உரைக்கு மாற்றாக நண்பரின் இருபத்தொன்பது ஈரேழ்வரிப் பாக்களை 29ஆம் இயலில் பதித்தார். 1580இலும் 1588இலும் அவை இருந்தன. இறுதி ஆண்டுகளில் போர்தோ படியில் அப்பாக்களின்மேல் கோடிழுத்து, அவற்றை வேறிடத்தில் காணலாம் என்று மட்டும் குறித்தார். அந்த வேறிடம் எந்த நூல் என்று எவராலும் காட்ட இயலவில்லை. தலைப்பும், ஒரு சீமாட்டிக்கு எழுதிய சமர்ப்பண வரிகளும் அப்படியே உள்ளன; பாக்கள் இல்லை.